அப்பாவின் நீலப் பெயிண்ட் ஏன் காயவில்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பா கட்டிய 28 அடி வல்லப் படகு ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஆயினிப் பலகை, கருவேல மரத்தில் வங்குச் சட்டங்கள். அப்பா இறந்த பிறகு அண்ணன் அதை ஓட்டினார். இந்த வருடம் என் கைக்கு வந்தது. சித்திரைக் கடைசியில் கரையேற்றிப் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். என் 4 வயது மகளும் கூடவே நின்று ஆசையாகத் தேய்த்தாள். கொட்டகையில் அப்பா வாங்கி வைத்த டின்கள் இருந்தன. மூடியில் 2007 என்று அச்சாகியிருக்கிறது. நீல எனாமலைத் திறந்தால் மேலே ஆடை படிந்திருந்தது. அதையும் சேர்த்துக் கலக்கி, கெட்டியாக இருந்ததால் கொஞ்சம் டீசல் விட்டு அடித்தேன். முதல் நாள் வலப்பக்கம், மறுநாள் மதியம் இடப்பக்கம். 12 நாள் ஆகிவிட்டது. வலப்பக்கம் பளபளக்கிறது, ஆனால் கை வைத்தால் ஒட்டுகிறது, பழைய நிறமும் உள்ளே தெரிகிறது. இடப்பக்கம் முழுவதும் சுருக்கம் சுருக்கமாக இருக்கிறது, நடுநடுவே பொடிக் கட்டிகள். அப்பா முந்திரி எண்ணெய் பூசி வந்த மூன்று பலகைகளில் சுத்தமாகக் காயவே இல்லை. இதற்கு மேலேயே புதுப் பெயிண்ட் அடித்து மூடிவிடலாமா? இன்னொரு நீல டின், ஒரு வெள்ளை, தூக்க முடியாத கனத்தில் ஒரு சிவப்பு, அடிப்பக்கத்துக்கான கருஞ்சிவப்பு ஒன்று, இரண்டு டின்னையும் சேர்த்துக் கலக்கும் ஜோடி ஒன்று மீதம் இருக்கின்றன. அப்பா வாங்கி வைத்தவை என்பதால் வீணாக்க மனம் வரவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

படகைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் மகளைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தில் என்னை உட்கார விடாமல் செய்தது அந்த ஒரு வரிதான்.

நீங்கள் தேய்த்தெடுத்த பழைய பெயிண்டின் அடியில், அப்பா காலத்துச் செந்தூரப் பூச்சு இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கொட்டகையில் இருக்கும் அந்தக் கனமான சிவப்பு டின்னே அதற்குச் சாட்சி. செந்தூரம் என்பது ஈயத்தின் ஆக்சைடு. ஒரு காலத்தில் ஆணித் தலைக்கும் பலகைக்கும் முதல் பூச்சாக அதைத்தான் எங்கும் அடித்தார்கள், நன்றாகவும் உழைத்தது. ஆனால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூசாகிக் காற்றில் ஏறுகிறது, கையில் படிகிறது, கையிலிருந்து வாய்க்குப் போகிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடல் ஏற்றுக்கொள்வதைப்போல நான்கைந்து மடங்கு வரை குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆரம்பத்தில் காய்ச்சலோ வலியோ எதுவும் காட்டாது. அதனால், "குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறாள்" என்று இருந்துவிடாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் குழந்தைகள் மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லி, இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அன்று நீங்கள் இருவரும் உடுத்தியிருந்த துணிகளைத் தனியாகத் துவையுங்கள். வீட்டையும் கொட்டகையையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் தூசு மறுபடியும் எழும். படகைச் சுற்றி மணலில் விழுந்த தூளை, மேல்மணலோடு சேர்த்து அள்ளிச் சாக்கில் கட்டி வையுங்கள். வேலை முடியும்வரை மகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சோதனை செய்யாமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

இனி படகு.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது, எந்தப் பக்கத்தை முதலில் அடித்தீர்கள் என்று எழுதியதுதான். 27 ஆண்டுகள் கடல் பெயிண்ட் பரிசோதனைக் கூடத்திலும் படகு கட்டும் துறைகளிலும் வேலை பார்த்தவன் நான். "பெயிண்ட் காயவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். ஒரே டின், ஒரே படகு, ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகக் கெட்டிருக்கிறது என்றால், காரணமும் ஒன்றாக இருக்க முடியாது. உங்கள் படகில் பல தவறுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன.

எனாமல் பெயிண்ட் எப்படிக் காய்கிறது என்பதைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். ஈரத்துணி காய்வதுபோல அது காய்வதில்லை. அடித்த சில மணி நேரத்தில் அதிலிருக்கும் டர்பென்டைன் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சும் எண்ணெய்ப் பிசின், காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு, தன்னோடு தானே பின்னிக்கொண்டு வலைபோல இறுகுகிறது. காய்வது என்று நாம் சொல்வது இந்தப் பின்னலைத்தான். இது தானாக நடந்தால் வாரக்கணக்கில் ஆகும். விரைவுபடுத்துவதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளை மிகச் சிறிய அளவில் தொழிற்சாலையிலேயே சேர்க்கிறார்கள். உலர்த்தி என்பது இதற்குப் பெயர், கடைகளில் டிரையர் என்பார்கள்.

டின்னுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது இந்த உலர்த்தி எங்கும் ஓடிவிடுவதில்லை. நிறப்பொடியின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, வேலை செய்யும் திறனை இழந்துவிடுகிறது. எல்லா நிறத்திலும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. கரிப்பொடி சேர்ந்த கறுப்பிலும், மிக நுண்ணிய பொடியால் ஆன அடர்நீலத்திலும் சில சிவப்புகளிலும் அதிகம், ஏனென்றால் பொடி நுணுக நுணுக அது பிடித்துவைக்கும் பரப்பும் பெரிதாகும். 2007-இல் வாங்கிய நீலம் இன்று பார்வைக்குப் புதிது போலவே இருந்தாலும் காய மறுப்பதற்கு முதல் காரணம் இதுதான். உங்கள் அப்பா மோசமான சரக்கு வாங்கிவிடவில்லை. அன்றைக்கே அடித்திருந்தால் மறுநாள் காய்ந்திருக்கும்.

இரண்டாவது தவறு ஆடையைக் கலக்கியது. மேலே படிந்திருந்த ஆடை, ஏற்கெனவே காற்றோடு சேர்ந்து இறுகிப்போன பெயிண்ட். அது இனி எந்தக் காலத்திலும் கரையாது. பெயிண்டை இளக்கும் தின்னர் எத்தனை விட்டாலும் துண்டு துண்டாகத்தான் ஆகும். இடப்பக்கம் நீங்கள் பார்க்கும் பொடிக் கட்டிகள் அவைதான். ஆடை படிந்த டின்னைத் திறந்தால், கத்தி முனையால் விளிம்பைச் சுற்றி அறுத்து, அடையைத் தட்டிலிருந்து எடுப்பதுபோல முழுசாகத் தூக்கி எறிய வேண்டும். பிறகு பெயிண்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும்.

ஆடைக்குக் கீழே இன்னொரு வேலை மிச்சமிருந்தது. நிறப்பொடி டின்னின் அடியில் கட்டியாக உட்கார்ந்திருக்கும், மேலே வெறும் எண்ணெய்ப் பிசின் நிற்கும். குச்சியை விட்டு நான்கு சுற்றுச் சுற்றினால் அடிக்கட்டி அசையாது. முதல் நாள் வலப்பக்கத்தில் நீங்கள் அடித்தது மேலே நின்ற பிசினும் டீசலும்தான். அதனால்தான் பளபளப்பு, அதனால்தான் பழைய நிறம் ஊடுருவித் தெரிகிறது, அதனால்தான் ஒட்டுகிறது. மறுநாள் மீதமிருந்த அடிக்கஞ்சியை மதிய வெயிலில் இடப்பக்கத்தில் அடித்தீர்கள். சுடுபலகையில் தடிப்பாக விழுந்த பூச்சின் மேற்பரப்பு உடனே தோலாக இறுகிவிட்டது, உள்ளே காற்றுப் போகவில்லை. உள்ளே இளகிக் கிடந்ததன் மேல் தோல் விரிந்து சுருங்கியதுதான் நீங்கள் சொல்லும் சுருக்கம்.

சரியாகக் கலக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், புதிய டின்னுக்கும் இது பொருந்தும். மேலே நிற்கும் திரவத்தை வேறொரு சுத்தமான டின்னில் ஊற்றிவிடுங்கள். அடியில் கிடப்பதைத் தட்டையான மரச்சட்டத்தால் குத்தி, மசித்து, கட்டியில்லாத களியாக்குங்கள். ஊற்றி வைத்த திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விட்டுக் கலக்குங்கள். கடைசியில் இரண்டு டின்னுக்கும் நாலைந்து முறை மாற்றி மாற்றி ஊற்றுங்கள், டீ ஆற்றுவதுபோல. சட்டத்தை அடிவரை விட்டு எடுத்துப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் இருக்க வேண்டும்.

டீசலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கரையெங்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. கையருகே டீசல் கேன் இருக்கிறது, தின்னர் வாங்க ஊருக்குள் போக வேண்டும், அவசரத்தில் ஊற்றிவிடுகிறார்கள். டர்பென்டைன் முழுதாக ஆவியாகும். டீசலில் ஆவியாகாத கனமான பகுதி நிறைய உண்டு, அது பூச்சுக்குள்ளேயே எண்ணெயாகத் தங்கிவிடும். நல்ல புதுப் பெயிண்டையே அது கெடுத்துவிடும் என்றால், உலர்த்தி செத்துப்போன பழைய பெயிண்டை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மண்ணெண்ணெயும் இதற்கு ஆகாது.

இனி அந்த மூன்று பலகைகள். அப்பா முந்திரி எண்ணெய் பூசி வந்தார் என்று எழுதியதால் இந்த முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயில் ஃபீனால் வகைப் பொருள்கள் உண்டு. கையில் பட்டால் புண்ணாக்குவதும், மரத்துக்குக் காப்பாக நம் கரையில் பூசப்பட்டு வருவதும் அந்த எண்ணெய்தான். ஆனால் அந்த ஃபீனால்கள் ஆக்ஸிஜன் சேர்க்கையைத் தடுப்பவை. எனாமல் இறுகுவதற்கு எது வேண்டுமோ அதையே அவை நிறுத்திவிடுகின்றன. அந்தப் பலகைகளில் நேற்று வாங்கிய பெயிண்டை நேராக அடித்திருந்தாலும் காய்வதில் சிக்கல் வந்திருக்கும். மீன் எண்ணெய் ஊறிய பலகையிலும் தாரடித்த பலகையிலும் இதே தொல்லையைப் பார்த்திருக்கிறேன்.

மேலேயே புதுப் பெயிண்ட் அடித்து மூடிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். இளகிய பூச்சின் மேல் இறுகிய பூச்சு நிற்காது. வெயிலில் கீழே இருப்பது நெளியும், மேலே இருப்பது முதலைத் தோல்போல வெடிக்கும், வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கும். என் வேலையின் ஆரம்ப நாட்களில் ஒரு படகுத்துறையில் இதைத்தான் செய்ய விட்டேன். படகுக்காரருக்குக் கடலுக்குப் போகும் அவசரம், எனக்கும் மறுத்துச் சொல்லும் துணிவு இல்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து தையில் போய்ப் பார்த்தபோது பூச்சு கைகொள்ளும் அளவு தகடுகளாக உரிந்து தொங்கியது. அடியில் இருந்த பலகை கறுத்து ஊறிப்போயிருந்தது. கோடையில் மூன்று நாள் வேலையாக முடிந்திருக்க வேண்டியது, அவருக்கு ஒரு பலகை மாற்றுவதில் போய் நின்றது. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனாலேயே அது இன்றும் மனதில் கிடக்கிறது.

ஆகவே எடுத்துவிடுங்கள். எடுப்பதிலும் இரண்டு விலக்குகள் உண்டு. நெருப்புக் காட்டிச் சுரண்டாதீர்கள், அடியில் ஈயப் பூச்சு இருந்தால் புகையே விஷமாகும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். அது மரத்தின் நாரைக் கிளப்பிவிடும், கலப்பற்று அடித்த, அதாவது தண்ணீர் புகாமல் அடைத்த, இடுக்குகளில் போய்த் தங்கி, அடுத்து அடிக்கும் பெயிண்டையும் சோப்பாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

படகைச் சுற்றித் தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறையும் தூசு வடிகட்டும் முகக்கவசமும் போடுங்கள், முகத்தில் கட்டும் துண்டு போதாது. துணியில் டர்பென்டைனை நனைத்து ஒரு முழ அளவுக்குத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, கூரில்லாத சுரண்டியால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே வழித்தெடுங்கள். காயாத பெயிண்ட் என்பதால் எளிதாக வரும். இடப்பக்கச் சுருக்கம் மட்டும் கொஞ்சம் போராடும். வழித்ததும் புதுத் துணியில் தின்னர் நனைத்து இரண்டு முறை துடையுங்கள். அழுக்கான துணியாலேயே துடைத்துக்கொண்டிருந்தால் டீசலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரப்புகிறீர்கள் என்றுதான் பொருள். அடியில் கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பூச்சை மரம் தெரியும்வரை எடுக்க வேண்டிய அவசியமில்லை. நன்றாக ஒட்டியிருப்பது அப்படியே இருக்கட்டும். அதை மேலோட்டமாகச் சொரசொரப்பாக்கினால் போதும், அதையும் தண்ணீர் உப்புத்தாளால் நனைத்து நனைத்துத் தேயுங்கள். உலர்ந்த தூசு இனி ஒரு சிட்டிகைகூடப் பறக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. எண்ணெய்ப் பெயிண்ட் துடைத்த துணிகளைச் சுருட்டிக் கொட்டகை மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது அவை சூடாகும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடித்துவிடும், நெருப்புக்குச்சியே தேவையில்லை. கீற்றுக் கொட்டகை என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வாளியில் போட்டு வையுங்கள், அல்லது ஒவ்வொன்றாக வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடல் தண்ணீர் கூடவே கூடாது. பலகையில் உப்பு தங்கினால் அது காற்றிலிருக்கும் ஈரத்தைப் பூச்சுக்கு அடியிலேயே இழுத்து வைத்துக்கொள்ளும், கொப்புளம் அங்கிருந்துதான் தொடங்கும். கழுவியபின் காய விடுங்கள். வெறும் மரம் தெரியும் பலகையில் ஓரடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் மரம் இன்னும் ஈரமாக இருக்கிறது, பொறுங்கள். அதற்காக நேர் வெயிலில் போட்டும் வைக்காதீர்கள். பலகை ஒரே பக்கம் காய்ந்து இடுக்குகள் விரியும். மேலே கீற்று வேய்ந்து நிழல் கொடுத்தால் நான்கு நாள் கூடுதலாக ஆகும், ஆனால் மரம் நிதானமாகக் காயும். விரிந்த இடுக்கைக் கண்டு பதறி, கல்லாக இறுகும் பட்டியை வைத்து நிரப்பிவிடவும் கூடாது. தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதும், அதற்கு இடம் வேண்டும். கலப்பற்று எங்கே தளர்ந்திருக்கிறது என்பதை மட்டும் நல்ல ஓடாவியை (படகுத் தச்சரை) அழைத்துக் காட்டிவிடுங்கள்.

முந்திரி எண்ணெய்ப் பலகைகளுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். தின்னரால் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால், துணியில் பழுப்பு நிறம் வராமல் போகும்வரை துடையுங்கள். பிறகு மரத்துக்கான அலுமினியப் பிரைமர் ஒரு பூச்சு. அதிலிருக்கும் அலுமினியத் துகள்கள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அடியிலிருக்கும் எண்ணெய் மேலே ஏறிவராமல் தடுக்கும். அது முழுதாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அங்கேயும் ஒட்டினால் படகின் மற்ற இடங்களை முடியுங்கள், அந்த மூன்று பலகைகளை மட்டும் பெயிண்ட் இல்லாமல், அப்பா வைத்திருந்த முறையிலேயே எண்ணெயில் விட்டுவிடுங்கள். அது ஒன்றும் தோல்வி அல்ல. அவரும் ஒரு காரணத்தோடுதான் அங்கே பெயிண்ட் அடிக்காமல் விட்டிருப்பார்.

மற்ற இடங்களுக்குப் புதிய பிரைமர், அதன்மேல் புதிய எனாமல் மெல்லியதாக இரண்டு பூச்சு. நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. காலையில் பனி உலர்ந்து பலகை தொட்டால் குளிர்ச்சி இல்லாமல் இருக்கும்போது தொடங்கி, உச்சிவெயிலுக்கு முன் நிறுத்துங்கள். பிற்பகலில் தொடர்ந்தாலும் 4 மணிக்குமேல் தூரிகையைத் தொடாதீர்கள், இரவு ஈரம் பளபளப்பைக் கொன்றுவிடும். உங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. கச்சான் காற்று எழுந்துவிட்டால் மணலும் உப்பும் ஈரப் பூச்சில் வந்து ஒட்டும். ஆனி பிறந்து காற்று வலுப்பதற்கு முன் முடித்துவிடப் பாருங்கள், அல்லது காற்றுப்பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள்.

மீதமிருக்கும் டின்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கனமான சிவப்பு. ஒரு லிட்டர் எனாமல் ஒன்றேகால் கிலோவுக்குள் நிற்கும். செந்தூரப் பெயிண்ட், அதாவது ரெட் லெட், ஏறத்தாழ அதைப்போல இரண்டு மடங்கு கனக்கும். நிறமும் ஆரஞ்சு சாய்ந்த சிவப்பாக இருக்கும். கடையில் விற்கும் ரெட் ஆக்சைடு இரும்புத் துருவின் பழுப்புச் சிவப்பு, அது வேறு. பெயர் ஒலிக்கும் விதத்தில் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உங்களுடையது செந்தூரம் என்றே நினைக்கிறேன். எண்ணெயோடு சேர்ந்து பல ஆண்டு கிடந்ததால் உள்ளே கல்லாகியிருக்கும். எப்படி இருந்தாலும் திறக்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கான விதி. அதனால் படகுக்கு வாங்கும்போது ஈயம் இல்லாதது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள்.

அடிப்பக்கத்துக்கான கருஞ்சிவப்பு. படகின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசும் பாசியும் பிடிக்காமல் இருக்க அடிக்கும் நச்சுப் பெயிண்ட் அது. பெரும்பாலும் செம்பின் ஆக்சைடுதான் அதில் வேலை செய்யும். ஆனால் அந்தக் காலத்தில் சில தயாரிப்புகளில் டிரைபியூட்டைல்டின் என்ற கரிம வெள்ளீயச் சேர்மமும் இருந்தது. பிரான்சில் ஆர்க்கஷோன் விரிகுடாவின் சிப்பிகள் ஓடு தடித்துச் சிதைந்தது இதனால்தான் என்று தெரிந்து, 1982-இல் அங்கே சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தார்கள். கடல் நத்தைகளில் பெண்களுக்கு ஆண் உறுப்பு முளைத்து இனப்பெருக்கமே நின்றுபோனதும் இதன் வேலை. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-இல் கொண்டுவந்த உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, உலகெங்கும் கப்பல்களில் அதற்குத் தடை விழுந்தது. உங்கள் டின்னோ 2007. அதில் அது இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் சீட்டு ஒட்டியிருந்தால் படித்துப் பாருங்கள். சீட்டு உரிந்துபோயிருந்தால் அடிக்காதீர்கள். உங்கள் படகு நிற்பது மன்னார் வளைகுடாவின் வாசலில். சங்கும் நத்தை இனம்தான், சங்கு எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கும். தினமும் கரையில் இழுத்துப் போடும் வல்லம் என்றால் இந்த வகைப் பெயிண்டே தேவைப்படாது. தண்ணீரிலேயே நங்கூரமிட்டு நிற்பதற்குத்தான் அது.

ஜோடி டின். ஒன்றில் பிசின், மற்றதில் கடினமாக்கி. பிசின் பல ஆண்டு தாங்கும், கடினமாக்கி தாங்காது. காற்றும் ஈரமும் பட்டால் கலங்கும், சில வகைகளில் வாயு உண்டாகி டின்னே உப்பிவிடும். உப்பிய டின்னை வெயிலில் வைத்துத் திறக்காதீர்கள், மூடி முகத்தில் அடிக்கும். அளவு தவறாமல் கலந்தாலும் பாதி இறுகிப் பாதி இளகி நிற்கும், அப்படி நின்றதைச் சுரண்டி எடுப்பதுபோலக் கொடுமை வேறில்லை. தூக்கி வைத்துவிடுங்கள்.

வெள்ளை எனாமல் பிழைத்திருக்கலாம். வெள்ளைப் பொடி, நீலம் அளவுக்கு உலர்த்தியை விழுங்குவதில்லை. திறந்து, ஆடையைத் தூக்கி, நான் சொன்னபடி கலக்கி வடிகட்டி, ஒரு கண்ணாடித் துண்டிலும் ஆயினிச் சிராய்ப் பலகையிலும் மெல்லியதாக அடித்துத் தேதி எழுதி வையுங்கள். ஒரு நாளில் தொட்டால் ஒட்டக் கூடாது. ஏழாம் நாள் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. பிறகு பலகையில் பாதியை உப்புத்தண்ணீர் வாளியில் ஒரு வாரம் நிற்க வையுங்கள். கொப்புளம் இல்லை, உரியவில்லை என்றால் படகின் உள்பக்கத்துக்கோ துடுப்புக்கோ அடிக்கலாம். நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும், தேர்வில் ஜெயித்தாலும் பழைய பெயிண்ட் வேண்டாம். அங்கே பெயிண்ட் நிறத்துக்காக இல்லை. துளைப்புழுவுக்கும் பலகைக்கும் நடுவே நிற்பது அந்த மெல்லிய தோல் ஒன்றுதான்.

டின்னே களியாக, தயிர் உறைந்ததுபோல இறுகியிருந்தால் தின்னர் விட்டு வீணாக்க வேண்டாம். அது திரும்பி வராது. வேண்டாத எதையும் கடலில் ஊற்றாதீர்கள், மணலில் புதைக்காதீர்கள். செந்தூரமும் அடிப்பக்கப் பெயிண்டும் சுரண்டியெடுத்த கசடும் மூடிய டின்னில், குழந்தை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மாவட்டத்தில் இருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

இன்னொரு நீல டின்னைக் கடைசியாக வைத்தேன். வீணாக்க மனம் வரவில்லை என்று நீங்கள் எழுதியது பெயிண்டைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குப் புரிகிறது.

படகின் உள்பக்கம், வெயில் படாத இடத்தில், குறுக்குப் பலகையின் அடியில் பாருங்கள். அப்பா அடித்த நீலம் அங்கே வெளிறாமல் இருக்கும். கூரான உளியால் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லை, தூசு பறக்காமல் ஈரப்படுத்தி எடுத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு நிறம் கலக்கும் வசதி உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். அதற்குப் பொருத்தமாகப் புதிய எனாமலில் கலக்கித் தருவார்கள். அங்கேயே ஓர் அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஈரத்தில் தெரியும் நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றல்ல. படகு முழுவதும் அந்த நீலத்தில் நிற்கும்.

டின்னில் இருக்கும் நீலத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. படகின் முன்பக்கமான அணியத்தில் பெயர் எழுத ஒரு தனிப் பலகையை இழைத்து எடுத்துக்கொள்ளுங்கள். டின்னிலிருந்து ஒரு கோப்பை அளவு எடுத்து வடிகட்டி, கோபால்ட் உலர்த்தியைச் சொட்டுக் கணக்கில் விட்டு ஒவ்வொரு முறையும் கண்ணாடித் துண்டில் சோதியுங்கள். அதிகமானால் மேல் மட்டும் இறுகி மறுபடியும் சுருங்கும், அதனால் ஒரே நாளில் காயாவிட்டாலும் பொறுமையாக இருங்கள். சரியான அளவு கிடைத்ததும், பலகையில் தாள்போல மெல்லிய பூச்சாக, நான்கு நாள் இடைவெளி விட்டு மூன்று முறை, வீட்டு நிழலில் வைத்து அடியுங்கள். இரண்டு வாரம் கழித்து நகம் பதியவில்லை என்றால் அதன்மேல் வெள்ளையில் பெயரை எழுதி, பித்தளைத் திருகாணி போட்டு அணியத்தில் பொருத்துங்கள். இரும்பு ஆணி வேண்டாம், ஒரே மழையில் துரு ஒழுகி எழுத்தின் மேல் இறங்கும்.

மகளின் சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.